யாரும் சாப்பிட முடியாத ஒரு வியாழக்கிழமை விருந்து

வேலையிடத்திலோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலோ "ஏப்ரல் மாதப் பண்பாட்டு அட்டவணையை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கோ" என்று யாராவது உங்களிடம் ஒரு தாளை நீட்டினால், கையில் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். 2023இல் எனக்கு அப்படி ஒரு தாள் வந்தது. சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. காசும் போனது, நித்திரையும் போனது. எல்லாவற்றையும் விட, நான் மதிக்கிற சில முதியவர்களின் முகம் என் கண்முன்னாலேயே வாடியது.

நான் ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், முதியவர்கள் பகலில் வந்திருந்து மாலையில் வீடு திரும்பும் ஒரு மையத்தில் வேலை செய்கிறேன். எங்களுடைய மையத்துக்கு வராத நாட்டுக்காரர் இல்லை என்றே சொல்லலாம். யாழ்ப்பாணத்து அம்மாமார், சீனத்துப் பெரியவர்கள், பஞ்சாபி ஐயாமார், சோமாலிப் பெண்கள், கிரேக்கர், எத்தியோப்பியர், ஜமைக்காக்காரர், இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்த யூத மூதாட்டிகள் சிலர். நிகழ்ச்சிகளைக் கவனித்துவந்தவர் மார்ச் நடுவில் வேலையை விட்டுவிட்டார். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. கூடவே வந்தது ஒற்றைத் தாள் ஒன்று. அதில் ஏப்ரல் மாத விசேஷ தினங்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. பாதித் தேதிகள் முந்தின வருஷத்துக்குரியவை. மேலே தடித்த எழுத்தில், "ஏப்ரல் 6 வியாழன், பல்பண்பாட்டு மதிய விருந்து" என்று இருந்தது. மறுநாள் பெரிய வெள்ளி, ஒன்ராறியோவில் பொது விடுமுறை, ஆகவே எல்லாரும் விடுமுறைச் சந்தோஷத்தில் இருப்பார்கள் என்பது மேலிடத்தின் கணக்கு. தேதி முடிவாகி, அறிவிப்பும் சுவரில் ஒட்டியாகிவிட்டது. எனக்கு மிஞ்சியது சாப்பாட்டுக்குச் சொல்வது மட்டும்தான்.

எண்பது பேருக்கு, ஆளுக்கு 14 டொலர் வீதம், ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் பேசினேன். பாதிப் பணம் முன்னாலேயே கட்டவேண்டும், 560 டொலர். மையத்தின் காசோலை வர நாள் எடுக்கும், இப்போதைக்கு உங்கள் கடனட்டையில் போடுங்கள், பிறகு தருவோம் என்றார்கள். போட்டேன். சாப்பாடு சோறு, பருப்பு, மரக்கறிகள், பாயாசம். மாமிசம் இல்லையென்றால் எந்தச் சமயத்தவருக்கும் தடையிராது என்பதுதான் அங்கே எல்லாருடைய எண்ணமும்.

பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். சோமாலி அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து, "மகளே, என்னைக் கணக்கில் சேர்க்காதே, நோன்பு" என்றார். அந்த வருஷம் ரமழான் மார்ச் 23இல் தொடங்கியிருந்தது. ஏப்ரல் 6 என்பது நோன்பின் நட்டநடு. மையத்துக்கு வரும் முஸ்லிம்கள் அத்தனை பேருக்கும் மத்தியான விருந்து என்றால் அதில் ஒரு பொருளும் இல்லை. யூத மூதாட்டி ஒருவரின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா அன்று வரமாட்டார் என்றார். யூதர்களின் பஸ்கா பண்டிகை ஏப்ரல் 5 மாலையே தொடங்கிவிடுகிறது. வெளிநாடுகளில் இருக்கும் யூதர்களில் ஆசாரமானவர்களுக்கு முதல் இரண்டு நாளும் வேலையோ வாகனப் பயணமோ இல்லாத புனித நாட்கள். அப்படியென்றால் சாப்பாட்டையாவது வீட்டுக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அப்போதுதான் அவர் பொறுமையாகச் சொன்னார். பஸ்கா முடியும்வரை புளித்த மாவுப் பண்டங்கள் ஆகாது. கோதுமை, பார்லி போன்ற ஐந்து தானியங்களில் புளிக்காத மட்ஸா அப்பம் மட்டும்தான் ஆகும். அவர்களைப்போலக் கிழக்கு ஐரோப்பிய வழிவந்த குடும்பங்கள் பலவற்றில் அரிசியும் பருப்பும்கூடச் சேர்க்கமாட்டார்கள். ஸ்பெயின், வட ஆபிரிக்கா வழிவந்த யூதர்கள் பலர் அரிசி சாப்பிடுவார்களாம். எல்லாருக்கும் பொருந்தும் என்று நம்பிய சோறும் பருப்பும், அந்த அம்மாவுக்கு அந்த வாரத்தில் சாப்பிட முடியாத பொருட்கள்.

அதோடு முடியவில்லை. கிரேக்கப் பெரியவரும் எத்தியோப்பிய அம்மாவும் கிழக்கத்தியத் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். ஈஸ்டர் தேதியை அவர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியை வைத்துக் கணிக்கிறார்கள். அது இன்று நாம் பாவிக்கும் நாட்காட்டியிலிருந்து 13 நாள் பின்தங்கியது. அதனால் 2023இல் மேற்கத்திய ஈஸ்டர் ஏப்ரல் 9, அவர்களுடையது ஏப்ரல் 16. விருந்து நாளில் அவர்கள் இன்னும் தவக்காலத்தில் இருந்தார்கள். மாமிசம், பால், முட்டை எதுவும் சேர்க்காத கடும் விரதம். பருப்பில் நெய், பாயாசத்தில் பால், பிறகு எதைச் சாப்பிடுவது? குஜராத்தி சமண ஐயா ஒருவருக்கு வெங்காயம், உள்ளி, உருளைக்கிழங்கு ஆகாது. அது வருஷம் முழுவதும் உள்ள வழக்கம், அட்டவணை போட்டவர்கள் கேட்டதில்லை, அவ்வளவுதான். கத்தோலிக்க அம்மாமார் சிலர் பெரிய வியாழன் பூசைக்குத் தயாராகவேண்டும், மத்தியானத்தோடு போய்விடுவோம் என்றார்கள்.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அறிவிப்புக் கொடுத்தாயிற்று, மாற்றினால் குழப்பம் வரும், நடத்துங்கள் என்றார். கடைக்கு அழைத்தேன். ஆட்களைக் குறைக்கலாம், ஆனால் முற்பணம் திரும்ப வராது என்றார்கள். அன்று இரவு சமையலறையில் நின்று அழுதேன் என்பதை எழுத எனக்கு வெட்கமில்லை. யாருக்கும் வஞ்சகம் இல்லை. ஆனால் 'எல்லாரையும் சேர்க்கும் விருந்து' என்று சுவரில் ஒட்டிவிட்டு, வருகிறவர்களில் பாதிப் பேரை வாசலில் நிறுத்துகிற விருந்து அது. அதைப் பரிமாறப்போகிறவள் நான்.

வியாழக்கிழமை வந்தவர்கள் பாதிக்கும் குறைவு. எங்கள் அம்மாமார், சீனப் பெரியவர்கள், பஞ்சாபி ஐயாமார் நன்றாகச் சாப்பிட்டார்கள். ஜமைக்காக்கார அம்மா தங்கள் ஈஸ்டர் வழக்கப்படி மசாலா பன்னும் சீஸும் வீட்டிலிருந்து கொண்டுவந்து எல்லாருக்கும் வெட்டிக் கொடுத்தார். ஒரு சீன ஐயா முந்தின நாள் சிங்மிங், மனைவியின் கல்லறையைத் துப்புரவாக்கிவிட்டு வந்தேன் என்று கைபேசியில் படம் காட்டினார். அந்தப் பகுதி உண்மையிலேயே அழகாக இருந்தது. சோமாலி அம்மாமார் நோன்போடு ஒரு மூலையில் இருந்து மற்றவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. மிஞ்சியதைப் பெட்டிகளில் போட்டு, மாலை நோன்பு திறக்க எடுத்துப்போங்கள் என்று கொடுத்தேன். அதை அவர்கள் மிகுந்த மரியாதையோடு வாங்கினார்கள். இந்த யோசனை முதலே இருந்திருந்தால், ரமழானில் மத்தியான விருந்து எது வைத்தாலும் வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டியாகவே திட்டமிட்டிருக்கலாம். உங்களிடத்தில் அப்படிச் செய்யுங்கள். செலவு அதிகமாகாது.

அதன் பிறகு, வராதவர்களுக்கு ஈடாக இன்னொன்று வையுங்கள் என்றார்கள். ஏப்ரல் 21 வெள்ளி, நோன்புப் பெருநாளும் மறுநாள் பூமி தினமும் சேர்த்து. இந்த முறை நான் உடனே தலையாட்டவில்லை. இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் தனித்தனியாகக் கேட்டேன். பெருநாள் 21ஆ 22ஆ என்பது பிறை தெரிந்த பிறகுதான் முடிவு என்றார் ஒருவர். எங்கள் பள்ளிவாசல் கணிப்பை ஏற்றுக்கொண்டது, 21தான் என்றார் மற்றவர். அப்படியே நடந்தது. சவூதியில் 21, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் 22. ஒரே நகரத்தில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களே வேறு வேறு நாளில் கொண்டாடும். தவிர, பெருநாளன்று காலைத் தொழுகை, பிறகு உறவினர் வீடுகள் என்று இருக்கும் ஒருவர் மையத்துக்கு எதற்கு வரப்போகிறார்? ஒரு பண்டிகையை அந்த நாளிலேயே பொது இடத்தில் கொண்டாட நினைப்பதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். பண்டிகை நாள் அவரவர் வீட்டுக்குரியது. பொதுவிருந்துக்கு அதற்குப் பிந்திய ஒரு வெறும் நாளைத் தேடுங்கள். நாங்கள் ஏப்ரல் 27 வியாழனுக்கு மாற்றினோம். பஸ்கா 13ஆம் தேதியே முடிந்துவிட்டது, இரண்டு ஈஸ்டரும் முடிந்துவிட்டன, நோன்பும் முடிந்துவிட்டது. வந்த கூட்டத்துக்குக் கதிரை போதவில்லை.

தேதிகளைப்பற்றி நான் பிறகு இருந்து படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதுவே பாதிச் சிக்கலைத் தீர்க்கும். இஸ்லாமிய வருஷம் முழுக்கச் சந்திரனை ஒட்டியது, ஏறத்தாழ 354 நாள். அதனால் ரமழான் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வரும். 2023இல் மார்ச் 23இல் தொடங்கியது 2026இல் பெப்ரவரியிலேயே தொடங்கியது. யூத நாட்காட்டியும் சந்திர மாதம்தான், ஆனால் 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டிக்கொள்வதால் பஸ்கா வசந்த காலத்தை விட்டு நகராது. அவர்களுக்கு நாள் சூரிய அஸ்தமனத்தில் பிறக்கிறது. ஆகவே அச்சிட்ட அட்டவணையில் 6 என்றிருந்தால் 5ஆம் தேதி மாலையையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். ஈஸ்டர் என்பது மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. நம்முடைய சித்திரை சூரியக் கணக்கு, அதனால்தான் 14ஆம் தேதியை விட்டு அதிகம் அசைவதில்லை. முந்தின வருஷத்துத் தாளைப் பிரதி எடுத்துப் பாவித்தால் எது நிற்கும், எது ஓடும் என்பது இதை வைத்தே தெரிந்துவிடும்.

அந்த 14ஆம் தேதிக்குத் தாளில் "இந்துப் புத்தாண்டு" என்று ஒரு வரி போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து முதலில் மனம் நொந்தது எங்கள் ஆட்களுக்குத்தான், ஏனென்றால் எங்களில் கத்தோலிக்க அம்மாமாரும் அன்று புதுச்சட்டை போடுகிறவர்கள். அதே நாளைச் சிங்களவர்களும் கொண்டாடுகிறார்கள். சீக்கியர்களுக்கு வைசாக்கி, 1699இல் கால்சா என்னும் சீக்கிய அமைப்பு பிறந்த நாள். வங்காளதேசத்தவருக்குப் பொஹெலா பொய்ஷாக், ஆனால் கொல்கத்தாக்காரர் 15ஆம் தேதி என்பார்கள். அந்த வருஷம் மலையாளிகளின் விஷுவும் 15. தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ், நேபாளம் எல்லாருக்கும் அதே நாட்களை ஒட்டித்தான் வருஷம் பிறக்கிறது. அம்பேத்கர் பிறந்ததும் ஏப்ரல் 14தான், 1891இல். பஞ்சாபி ஐயா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, ஏப்ரல் முழுவதும் ஒன்ராறியோவில் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சீக்கிய மரபுத் திங்கள் என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது, அது இந்தத் தாளில் எங்கே என்று கேட்டார். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக்க எங்களுடைய ஆட்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று தெரிந்த எனக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று பட்டது. அன்றே சேர்த்தேன். எந்த நாளை எப்படி எழுதுவது என்பதை அந்த நாளை அனுசரிக்கிறவர்களிடம் கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்காதீர்கள், ஒருவர் ஒரு சமூகம் ஆகமாட்டார். உங்களிடத்தில் ஒரே பஞ்சாபியர் அவர்தான் என்றால், வெளியே இன்னொருவரைத் தேடுங்கள்.

இனி, என்னை அதிகம் வருத்திய விஷயம். ஏப்ரல் கொண்டாட்ட மாதம் மட்டுமில்லை, மிகப் பெரிய துக்கங்களின் மாதமும்கூட. ஏப்ரல் 7 என்பது ருவாண்டாவில் 1994இல் நடந்த இனப்படுகொலையை உலகம் நினைவுகூரும் நாள். 2023இல் அது பெரிய வெள்ளியில் வந்தது. ஏப்ரல் 24 ஆர்மேனியர்களின் நினைவுநாள், 1915இல் தொடங்கிய அவர்களுடைய இனப்படுகொலையை நினைத்து. ஏப்ரல் 28 வேலையிடங்களில் இறந்தவர்களுக்கும் காயப்பட்டவர்களுக்குமான துக்க நாள், கனடா முழுவதும் அரைக்கம்பத்தில் கொடி பறக்கும். யூதப் படுகொலை நினைவுநாளான யோம் ஹஷோவா 2023இல் ஏப்ரல் 17 மாலை தொடங்கி 18இல் முடிந்தது. மையத்தின் பெரிய திரையில் ஓடும் அட்டவணை ஒரு வெளி நிறுவனத்தின் மென்பொருளில் தயாராவது. அது எல்லா நாளுக்கும் முன்னால் "இனிய" என்று தானாகவே போட்டு, பின்னால் பலூன் படம் வைக்கும். 18ஆம் தேதி காலை நான் வேலைக்கு வந்தபோது "இனிய யோம் ஹஷோவா" என்ற வரி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. பஸ்காவுக்கு வராத அதே மூதாட்டி, மேலங்கியைக்கூடக் கழற்றாமல், திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய் அணைத்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டபோது, "உனக்குத் தெரியும், இல்லையா" என்று மட்டும் கேட்டார். தெரியும். முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 எங்களுக்கு என்ன என்று அவருக்கு ஒருமுறை நான் சொல்லியிருக்கிறேன். அந்த நாளுக்கு யாராவது பலூன் வைத்தால் என் நெஞ்சு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பார்த்தேன். அன்று முழுவதும் என்னால் சரியாக வேலை செய்ய முடியவில்லை.

ஆகவே எந்த அட்டவணை போட்டாலும் மகிழ்ச்சிக்குரிய நாள், துக்கத்துக்குரிய நாள், விழிப்புணர்வு நாள் என்று மூன்றாகப் பிரித்துவிடுங்கள். துக்க நாளுக்குப் பெயரும் தேதியும் மட்டும் போதும், படம் வேண்டாம், வாழ்த்து வேண்டாம். தானாக ஓடும் திரை, தானாகப் போகும் மின்னஞ்சல் எதுவாக இருந்தாலும் மாதம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு நாளையும் நீங்களே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

விழிப்புணர்வு நாட்களிலும் இதே கதைதான். ஏப்ரல் 2 உலக ஓட்டிசம் விழிப்புணர்வு நாள். ஐ.நா. 2007இல் தீர்மானித்து 2008இலிருந்து அனுசரிக்கிறது. மையம் அதற்குப் புதிர்த்துண்டு வடிவத்தில் நீலச் சின்னங்கள் வாங்கி வைத்திருந்தது. ஓட்டிசம் உள்ள ஒரு இளைஞர் எங்களிடம் தொண்டராக வருகிறார். அவர் அதைக் குத்திக்கொள்ள மறுத்தார். புதிர்த்துண்டு என்றால் ஏதோ ஒரு துண்டு குறைந்த ஆள் என்று சொல்வதுபோல இருக்கிறது, எங்களில் பலருக்கு இது பிடிக்காது என்றார். சரி, உங்களுக்கு என்ன செய்தால் நல்லது என்று கேட்டேன். காலையில் ஒரு மணிநேரம் அந்தக் குழல்விளக்குகளையும் வானொலியையும் அணைத்து வையுங்கள், போதும் என்றார். செய்தோம். காதுக்கருவி போட்ட முதியவர்களுக்கும் அது பிடித்துப்போய், இன்றுவரை அந்த ஒரு மணிநேரம் தொடர்கிறது. சின்னங்களுக்குப் போன காசு வீண், விளக்கை அணைக்கக் காசே வேண்டியிருக்கவில்லை.

காசு விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இதைப்பற்றி யாரும் பேசுவதில்லை. நான் கட்டிய 560 டொலரில் மையம் 300 டொலரை ஜூனில் தந்தது. மிச்சத்துக்கு முன்அனுமதி எழுத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடனட்டை வட்டி என் தலையில். துணி, விளக்கு, வாழைக்குருத்து என்று என் கையால் வாங்கியவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருந்தும் திரும்ப வரவில்லை. இந்த வேலையை ஏற்பவர்களுக்கு என் வேண்டுகோள்: வாய்ப்பேச்சை நம்பி உங்கள் அட்டையை நீட்டாதீர்கள். எவ்வளவு செலவழிக்கலாம், யார் கட்டுவது, எப்போது திரும்ப வரும் என்று ஒரு மின்னஞ்சலாவது வாங்கிக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் முற்பணம் கட்டுவதற்கு முன், தேதி மாற்றினால் அது அடுத்த ஓடருக்குச் செல்லுமா என்று கேளுங்கள். பல கடைகள் சம்மதிக்கும், கேட்டால்தான். வீட்டில் இருந்து செய்த வேலைநேரத்தையும் எழுதி வையுங்கள். பண்பாட்டு நிகழ்ச்சி என்றால் அந்தந்தச் சமூகத்துப் பெண்கள் சும்மா செய்து தருவார்கள் என்ற எண்ணம் பல இடங்களில் இருக்கிறது. அது நியாயமில்லை.

இப்போது நான் ஜனவரியிலேயே எல்லாரிடமும் ஒரு சின்னத் தாள் கொடுக்கிறேன். இந்த வருஷம் நீங்கள் அனுசரிக்கும் நாட்கள் எவை, அன்று மையத்துக்கு வருவீர்களா, அந்த வாரத்தில் எதைச் சாப்பிடமாட்டீர்கள், அது மகிழ்ச்சியான நாளா துக்கமான நாளா, அதை மற்றவர்களோடு பகிர விருப்பமா, இல்லை தனியாக விடவேண்டுமா என்று கேட்டிருக்கும். எழுத முடியாதவர்களோடு பக்கத்தில் இருந்து கதைத்து நானே நிரப்புவேன். விருப்பமில்லை என்று எழுதுகிறவர்களை இரண்டாம் முறை கேட்பதில்லை.

அந்தத் தாள்கள் இந்த முறை வேலை வைத்திருக்கின்றன. 2026இல் யோம் ஹஷோவா ஏப்ரல் 13 மாலை தொடங்கி 14இல் முடிகிறது. அதாவது நம்முடைய சித்திரைப் புத்தாண்டன்றே. அந்த மூதாட்டியிடமும் எங்கள் அம்மாமாரிடமும் தனித்தனியாகப் பேசினேன். 14 செவ்வாய் காலை, விரும்புகிறவர்களுக்கு ஒரு அறையை அமைதியாக விட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவது. பொங்கலும், பெரியவர்கள் காசு கொடுக்கும் கைவிசேஷமும் வியாழன் 16ஆம் தேதிக்குத் தள்ளுவது. அம்மாமார் ஒருவர்கூட மறுக்கவில்லை. அன்று காலை அவரவர் வீட்டில் தலையில் மூலிகை மருத்துநீர் வைத்துக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் மையத்துக்கு வருவோம் என்றார்கள். பஞ்சாபி ஐயாமாரிடம் இன்னும் கேட்கவேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் கேட்பேன்.